ரட்கர்ஸ் ரசிகர்களின் அக்டோபர் கவலை

அக்டோபர் வந்தால் நியூ ஜெர்சியில் இரண்டு விஷயங்கள் தவறாமல் நடக்கும். ஒன்று, எடிசன் ஓக் ட்ரீ ரோட்டில் தீபாவளிக்கு ஸ்வீட் வாங்கக் கூட்டம் கூடும். இன்னொன்று, ரட்கர்ஸில் படிக்கிறவர்களும் படித்து முடித்தவர்களும் கூடைப்பந்து டீமை நினைத்துக் கவலைப்பட ஆரம்பிப்பார்கள். 2025இல் அந்தக் கவலை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம். யார் போனார்கள், யார் வந்தார்கள், புதிதாக வந்தவர்கள் பெயரையாவது நவம்பருக்குள் மனப்பாடம் செய்ய முடியுமா என்றெல்லாம் பேச்சு.

வீட்டில் இதைக் கேட்கும் பெரியவர்கள் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "ஜெயிக்கவே ஜெயிக்காத டீமுக்கு ஏன்டா இவ்வளவு கத்துறே?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். பே ஏரியாவிலும் டெக்சாஸிலும் இருக்கிறவர்கள் ரட்கர்ஸ் என்ற இடத்தில் உங்கள் காலேஜின் பெயரைப் போட்டுப் படித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பொருந்தும்.

முதலில், இது நமக்குச் சம்பந்தம் இல்லாத ஆட்டம் என்று நினைக்க வேண்டாம். 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு ஊரில், ஒய்எம்சிஏ பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் கூடைப்பந்தை உருவாக்கினார். குளிர்காலத்தில் வெளியே ஆட முடியாத மாணவர்களுக்காக, பழக்கூடைகளைப் பால்கனியில் மாட்டி ஆரம்பித்த ஆட்டம். அதே பள்ளியில் படித்த ஹாரி க்ரோ பக் என்பவர் மதராசுக்கு வந்து 1920இல் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்று சென்னை நந்தனத்தில் இருக்கிறதே, அதே கல்லூரிதான். அங்கே பயின்ற உடற்கல்வி ஆசிரியர்கள் ஊர் ஊராகப் பள்ளிகளுக்குப் போனார்கள். உங்கள் அப்பாவோ அத்தையோ தமிழ்நாட்டுப் பள்ளி மைதானத்தில் கூடைப்பந்து ஆடியிருந்தால், அந்த ஆட்டமும் ரட்கர்ஸ் ஆட்டமும் ஒரே ஊரிலிருந்து கிளம்பியவை.

இப்போது ரட்கர்ஸுக்கு வருவோம். இந்த டீமின் பெரிய வருடம் 1976. அமெரிக்காவுக்கு 200 வயது ஆன வருடம். 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே ஆங்காங்கே சிலதான் இருந்த காலம். டாம் யங் கோச். புரூக்லினிலிருந்து வந்த ஃபில் செல்லர்ஸ், அவரோடு மைக் டாப்னி, எடி ஜோர்டன், ஹாலிஸ் கோப்லண்ட், முதல் வருட மாணவர் ஜேம்ஸ் பெய்லி. நியூ பிரன்ஸ்விக்கில் காலேஜ் அவென்யூ ஜிம் என்ற சின்ன ஜிம்மில் ஆடினார்கள். ரசிகர்கள் அதைக் 'களஞ்சியம்' என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள். கூட்டம் கத்துகிற கத்தில் கூரையிலிருந்து பெயிண்ட் உதிர்ந்து தரையில் விழுந்தது என்று அன்று இருந்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

வழக்கமான சீசனில் 26 ஆட்டம், 26 வெற்றி. அடுத்து கிழக்குப் பகுதிப் போட்டியில் இரண்டு. அதற்குப் பிறகு தேசியப் போட்டி. அப்போது அதில் மொத்தம் 32 டீம்கள்தான், இன்று 68. முதல் சுற்றில் எதிரி வேறு யாருமில்லை, பக்கத்து வீட்டுக்காரரான பிரின்ஸ்டன். ரட்கர்ஸ் 54-53 என்று ஒரே ஒரு பாயிண்டில் தப்பித்தது. பிறகு கனெக்டிகட், விஎம்ஐ இரண்டையும் தோற்கடித்து, 31-0 என்ற கணக்கோடு கடைசி நான்கு டீம்களில் ஒன்றாகப் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனது. அங்கே மிச்சிகனிடம் 86-70 என்று தோற்றது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்திலும் யுசிஎல்ஏயிடம் தோல்வி. அந்த வருடம் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் கோப்பையை வென்றது இண்டியானா. அதற்குப் பிறகு ஆண்கள் பிரிவில் எந்த டீமும் அப்படிச் செய்ததில்லை.

31-2. ரட்கர்ஸ் ஆண்கள் டீம் அந்த உயரத்துக்குத் திரும்பப் போகவே இல்லை. அடுத்த வருடமே பிஸ்காட்டவேயில் 8,000 பேர் உட்காரும் புது அரங்கம் திறந்தார்கள். சரிவகம் மாதிரி வடிவம், சத்தம் உள்ளேயே சுழலும். கட்டிடம் பெரிதானது, ஆனால் வெற்றி அதற்கேற்ப வளரவில்லை. 1991இல் தேசியப் போட்டிக்குப் போனார்கள். அதற்கு அடுத்த தடவை போனது 2021இல்.

நடுவில் முப்பது வருடம். இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1991இல் பிறந்த ஒரு குழந்தை பள்ளி முடித்து, ரட்கர்ஸில் சேர்ந்து, பட்டம் வாங்கி, வேலைக்குப் போய், கல்யாணமும் செய்துகொள்கிற காலம். நம் ஆட்கள் மிடில்செக்ஸ் கவுண்டியில் வந்து குவிந்ததும் பெரும்பாலும் அதே முப்பது வருடத்தில்தான். ஆகவே நம் அண்ணன்களும் அக்காக்களும் ரட்கர்ஸில் படித்த நாட்களில் அவர்கள் பார்த்தது தோற்கிற டீமை மட்டும்தான். அதில் மிக மோசமான கட்டம் 2013. பயிற்சியின்போது கோச் மைக் ரைஸ் மாணவர்கள் மேல் பந்தை எறிவதும் கேவலமாகத் திட்டுவதும் வீடியோவாக வெளியே வந்தது. அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். 1976 டீமில் ஆடிய எடி ஜோர்டனே கோச்சாக வந்தார். 2014இல் பிக் டென் என்ற பெரிய லீகில் ரட்கர்ஸ் சேர்ந்தது. 2015-16 சீசனில் வெற்றி 7, தோல்வி 25.

அந்த வருடங்களில் சீசனுக்கு முன்னால் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. தோற்கப் போகிறோம் என்று தெரிந்த பரீட்சைக்கு யார் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருப்பார்கள்?

2016இல் ஸ்டீவ் பைக்கல் கோச்சாக வந்தார். மெதுவாக நிலைமை மாறியது. 2019-20இல் 20 வெற்றி, 11 தோல்வி. சொந்த அரங்கத்தில் ஒரே ஒரு ஆட்டம்தான் தோற்றார்கள். 29 வருடம் கழித்துத் தேசியப் போட்டிக்குப் போகப்போகிறோம் என்று எல்லோரும் காத்திருந்தபோது, 2020 மார்ச் 12 அன்று கொரோனாவால் போட்டியே ரத்தானது. மறு வருடம் இடம் கிடைத்தது. கிளெம்சனை 60-56 என்று தோற்கடித்தார்கள். 1983க்குப் பிறகு தேசியப் போட்டியில் ரட்கர்ஸ் ஆண்களின் முதல் வெற்றி அது. அடுத்த ஆட்டத்தில் ஹூஸ்டனை முந்திக்கொண்டிருந்து, கடைசி நிமிடங்களில் கோட்டைவிட்டு 63-60 என்று தோற்றார்கள். 2021 டிசம்பரில் நாட்டின் முதலிட டீமாக இருந்த பர்டூ பிஸ்காட்டவேக்கு வந்தது. நேரம் முடியும் நொடியில் ரான் ஹார்ப்பர் ஜூனியர் ஏறக்குறைய நடுக்கோட்டிலிருந்து எறிந்த பந்து உள்ளே விழுந்து, 70-68.

கவனித்தீர்களா? கவலை திரும்ப வந்தது இந்த வருடங்களில்தான். நம்பிக்கை வந்த பிறகுதான் கவலையும் வந்தது.

2024இல் நம்பிக்கை உச்சத்துக்குப் போனது. ரான் ஹார்ப்பரின் தம்பி டிலன் ஹார்ப்பர், ஜார்ஜியாவிலிருந்து ஏஸ் பெய்லி. நாட்டிலேயே எல்லாக் காலேஜும் தேடிய இரண்டு பையன்கள் ஒரே நேரத்தில் ரட்கர்ஸில் சேர்ந்தார்கள். சீசன் தொடங்கும் முன்பே தரவரிசையில் 25ஆம் இடம். 1976 திரும்பி வரப்போகிறது என்று பேசினார்கள். நடந்தது வேறு. நவம்பரில் கென்னசா ஸ்டேட்டிடம் தோல்வி, டிசம்பரில் பிரின்ஸ்டனிடம் ஒரு பாயிண்டில் தோல்வி. கடைசிக் கணக்கு 15-17. தேசியப் போட்டியில் இடமில்லை. 2025 ஜூனில் நடந்த என்பிஏ தேர்வில் ஹார்ப்பர் இரண்டாவதாகவும் பெய்லி ஐந்தாவதாகவும் எடுக்கப்பட்டார்கள். இரண்டு பேரும் ரட்கர்ஸில் இருந்தது ஒரே ஒரு சீசன்.

இப்போதைய கவலை இதன் தொடர்ச்சி. அந்த இரண்டு பேரும் இருந்தபோதே ஜெயிக்கவில்லையே, இனி என்ன ஆகும்? இது மேலே தெரிகிற கேள்வி. அதற்குக் கீழே இன்னொரு கேள்வி இருக்கிறது: வருடா வருடம் ஆட்கள் மாறினால், இது யாருடைய டீம்?

விதிகள் எப்படி மாறின என்று பார்த்தால் இந்தக் கேள்வி புரியும். முன்பெல்லாம் ஒரு வீரர் காலேஜ் மாறினால் பொதுவாக ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். 2021இல் அந்த விதி தளர்ந்தது. அதே வருடம் ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்றார்கள். 2025 ஜூனில் ஒரு வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. அதன்படி காலேஜே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் வருடத்துக்கு எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து உச்சவரம்பு சுமார் 20.5 மில்லியன் டாலர். பணக்கார நன்கொடையாளர்கள் நிறைந்த காலேஜுக்கு இது சுலபம். ரட்கர்ஸ் போன்ற மாநிலப் பல்கலைக்கழகத்துக்குக் கஷ்டம். 2022-23இல் ரட்கர்ஸில் ஆடிய கேம் ஸ்பென்சர் அடுத்த சீசனுக்குக் கனெக்டிகட்டுக்கு மாறினார். 2024இல் அங்கே தேசியக் கோப்பையே வென்றார். பல வருடம் ரட்கர்ஸின் தூணாக இருந்த கிளிஃப் ஒமோருயி கடைசி வருடத்துக்கு அலபாமா போனார்.

இவர்களைத் 'துரோகி' என்று திட்டுகிற ரசிகர்கள் உண்டு. நம் வீடுகளில் வளர்ந்தவர்கள் அப்படிச் சொல்வதற்கு முன் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நம் அப்பா அம்மாக்கள் எத்தனை கம்பெனி மாறியிருக்கிறார்கள்? சென்னையிலிருந்து டாலஸ், டாலஸிலிருந்து எடிசன், எடிசனிலிருந்து சான் ஹோசே என்று எத்தனை குடும்பம் பெட்டி கட்டியிருக்கிறது? நல்ல வாய்ப்பு வந்தது, போனார்கள். அதை நாம் துரோகம் என்று சொல்வதில்லை, உழைப்பு என்கிறோம். இருபது வயதுப் பையனுக்கும் அதே நியாயம் உண்டு. ஆனால் ஒன்றையும் மறுக்க முடியாது: ஒருவர் போனால் பின்னால் இருக்கிறவர்களுக்கு வலிக்கும். பாட்டி தாத்தாவை ஊரில் விட்டுவிட்டு வந்த குடும்பங்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஆக, ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள் என்றால் மிச்சம் இருப்பது என்ன? அந்த இடமும், அங்கே வருகிற கூட்டமும், அவர்கள் ஞாபகத்தில் வைத்திருப்பதும்தான். அந்த ஞாபகத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. "ரட்கர்ஸ் கூடைப்பந்தில் தேசியக் கோப்பை வாங்கியதே இல்லை" என்று பலர் சொல்வார்கள். அது தவறு. 1982இல் ரட்கர்ஸ் பெண்கள் டீம், தெரேசா கிரெண்ட்ஸ் கோச்சாக இருந்தபோது, ஏஐஏடபிள்யூ என்ற பெண்கள் விளையாட்டு அமைப்பின் தேசியக் கோப்பையை வென்றது. இறுதி ஆட்டத்தில் தோற்கடித்தது டெக்சாஸை, 83-77. டெக்சாஸ் வாசகர்கள் மன்னிக்கவும். அந்த அமைப்பு நடத்திய கடைசிக் கூடைப்பந்துப் போட்டி அதுதான். அதற்குப் பிறகு பெண்கள் விளையாட்டையும் என்சிஏஏ எடுத்துக்கொண்டது. அமைப்பு மறைந்ததால் அந்தக் கோப்பையும் பலருடைய கணக்கிலிருந்து மறைந்துவிட்டது.

பிறகு 1995இல் வந்த விவியன் ஸ்ட்ரிங்கர் 2000, 2007 இரண்டு வருடமும் பெண்கள் டீமைக் கடைசி நான்குக்குக் கொண்டுபோனார். 2018இல் தன் 1,000ஆவது வெற்றியைத் தொட்டார். 2007இல் இறுதி ஆட்டத்தில் டென்னசியிடம் தோற்ற மறுநாள், டான் ஐமஸ் என்ற ரேடியோ பேச்சாளர் அந்தப் பெண்களை இனவெறியோடு கேலி செய்தார். அவர்கள் பத்திரிகையாளர்களுக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னார்கள். சில நாட்களில் ஐமஸின் வேலை போயிற்று. ரட்கர்ஸ் வரலாற்றில் பெருமைப்பட ஒரு நாளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், 1976இன் எந்த வெற்றிக்கும் அது குறைந்ததில்லை.

இப்போது வீட்டுக் கேள்விக்குப் பதில். ஜெயிக்காத டீமுக்கு ஏன் கத்துகிறோம்? நம்மில் பலருக்கு "எந்த ஊர்?" என்று யாராவது கேட்டால் பதில் நீளும். அப்பா ஊர், அம்மா ஊர், பிறந்த ஊர், இப்போது இருக்கிற ஊர். ஆனால் பிஸ்காட்டவே அரங்கத்தில் சிவப்புச் சட்டையோடு நிற்கும்போது அந்தக் கேள்வி வருவதில்லை. பக்கத்தில் இருக்கிறவர் போலந்துக் குடும்பமா, டொமினிகன் குடும்பமா, குஜராத்திக் குடும்பமா என்பது பொருட்டில்லை. அவருக்கும் அதே கவலைதான். கோவில் திருவிழாவில் தேர் இழுக்கிறவர்கள் வருடா வருடம் மாறினாலும் தேர் ஊருடையதாகத்தான் இருக்கும். வடம் பிடிக்கப் போகிறவருக்குத்தான் அது தன் தேர்.

அதனால் கவலைப்படுங்கள், தப்பில்லை. அதோடு மூன்று சின்ன வேலைகளும் செய்யுங்கள். புது வீரர்களின் பெயரைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நம் பெயரை மற்றவர்கள் கடித்துக் குதறும்போது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். பெண்கள் டீமின் ஆட்டத்துக்கும் ஒரு முறை போய்ப் பாருங்கள். ஊர் மறந்தாலும் கோப்பை அவர்களுடையது. "ஏன்டா கத்துறே?" என்று கேட்ட அப்பாவையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போங்கள். நந்தனத்துக் கதையை வழியில் காரில் சொல்லலாம்.

சீசன் நவம்பர் முதல் வாரத்தில் தொடங்குகிறது.