கண் மஞ்சளாகும் முன்னே

எங்கள் முத்தாண்டிக்குப்பம் பக்கத்தில் ஈரல் கெட்டிருக்கிறதா என்று அறிய இன்றும் பலர் செய்வது, கண் இமையை இழுத்து வெள்ளை விழியைப் பார்ப்பதுதான். மஞ்சள் தெரிந்தால் கீழாநெல்லி, மோர், பத்தியம். தெரியாவிட்டால் ஈரல் நன்றாக இருக்கிறது என்று முடிவு. இந்த இரண்டாவது முடிவுதான் ஆபத்தானது.

ரத்தத்தில் பிலிரூபின் என்ற மஞ்சள் பொருள் 100 மில்லிக்குச் சுமார் 1 மில்லிகிராம் வரை இருப்பது இயல்பு. அது 2, 3 மில்லிகிராமைத் தாண்டினால்தான் கண்ணில் தெரியும். அதற்கு முன்பே ஈரலின் செல்கள் உடைய ஆரம்பித்திருக்கலாம். கிடங்குச் சுவர் இடிந்தால் மூட்டைகள் தெருவுக்கு வருவதுபோல, செல் உடைந்தால் உள்ளிருக்கும் நொதிகள் ரத்தத்தில் கலக்கும்.

இந்தச் சங்கதி முதலில் வெளிப்பட்டது ஈரலில் அல்ல, இதயத்தில். 1954-ல் நியூயார்க்கில் லாடூ, விரோப்லெவ்ஸ்கி, கார்மென் என்ற மூவர், மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தில் ஒரு நொதி ஏறுவதைக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் தெ ரீட்டிஸ் குழுவினர், வைரஸால் வரும் காமாலையிலும் அது ஏறுவதைக் கண்டார்கள். 1957-ல் ரைட்மன், ஃபிராங்கல் இருவரும் நிற மாற்றத்தை வைத்து அளக்கும் எளிய முறையைத் தந்ததால், சாதாரண ஆய்வுக்கூடங்களிலும் இந்தச் சோதனை சாத்தியமாயிற்று. பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இது 'திரான்சாமினாஸ்'. நம் லேப் சீட்டில் இதுவே எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி.

நம் ஊர்க்காரர்களுக்கு இது ஏன் முக்கியம்? நெய்வேலி நிறுவனம் பிறந்த அதே 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆய்வு மையம் தொடங்கியது. சானடோரியத்தில் படுக்காமல் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1959-ல் உலகுக்குச் சொன்னது அந்த மையம்தான். ஆனால் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட் ஆகிய மூன்று மாத்திரைகளுமே சிலருக்கு ஈரலைத் தாக்கக்கூடியவை. அந்தப் பாதிப்பு தென்னிந்திய நோயாளிகளில் எப்படி இருக்கிறது என்பதையும் சேத்துப்பட்டு மையத்தாரே ஆராய்ந்து 1986-ல் வெளியிட்டார்கள்.

இன்று மருத்துவர்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் கணக்கு இது: வாந்தி, பசியின்மை போன்ற அறிகுறியோடு நொதி மூன்று மடங்கு ஏறினாலோ, அறிகுறியே இல்லாமல் ஐந்து மடங்கு ஏறினாலோ மருந்தை நிறுத்திவைப்பார்கள். நொதி இறங்கியபின் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுப்பார்கள். அதை நாமாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போய்விடும்.

இந்த எண்ணும் முழு சாட்சி அல்ல. தசை அடிபட்டாலும் எஸ்.ஜி.ஓ.டி. ஏறும். ஈரல் முற்றிலும் சுருங்கிப் போனவருக்கு நொதி இயல்பாகவே காட்டலாம், உடைவதற்குச் செல்லே மிச்சமில்லாததால். எனவே சீட்டை நாமே படித்து முடிவு கட்டாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கீழாநெல்லியை நான் பழிக்கவில்லை. தண்ணீர் மூலம் வரும் காமாலை பெரும்பாலும் தானாகவே தணியும். பேர் மட்டும் பச்சிலைக்குப் போகிறது. மது குடிப்பவர்களும் காசநோய் மாத்திரை சாப்பிடுபவர்களும் கண்ணாடியில் விழியைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாமல் ரத்தம் கொடுத்துப் பார்ப்பது நல்லது.