அரண்மனையில் இருந்த ஆய்வுக்கூடம்

1918 நவம்பரில் இரண்டாம் வில்ஹெல்ம் முடிதுறந்து நெதர்லாந்தில் தஞ்சம் புகுந்தபின், பெர்லின் நகரின் நடுவே இருந்த அவரது அரண்மனை அரசனில்லாத கட்டடமாயிற்று. 1920-இல் அதன் ஒரு பகுதியில் பெர்லின் பல்கலைக்கழகத்தின் உளவியல் நிறுவனம் குடிபுகுந்தது. விழித்திரையில் விழுவது சிதறிய ஒளிப்பொட்டுகள்தான். நாம் காண்பதோ மரமும் முகமும் வீடும். சிதறியது எப்படித் திரள்கிறது என்ற கேள்வியை அடுத்த பதினைந்து ஆண்டுகள் அந்த அறைகளில் ஒரு தலைமுறையே ஆராய்ந்தது. கெஸ்டால்ட் பள்ளி என்று பின்னர் பெயர்பெற்ற அந்தக் குழுவைப் பற்றிப் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரே முடிவைச் சொல்கின்றன: சில நல்ல அவதானிப்புகளைச் செய்தார்கள், அவற்றுக்குத் தவறான விளக்கம் தந்தார்கள், ஆகவே அறிவியல் அவர்களைக் கடந்து போய்விட்டது. இதில் பாதிதான் உண்மை. அந்தப் பள்ளி மங்கியதற்கு அதன் விளக்கம் தோற்றது முதற்காரணம் அல்ல. அது தொழில் நடத்திய பட்டறையை இடித்துவிட்டதே முதற்காரணம் என்பது என் வாதம்.

பட்டறை என்று தெரிந்தேதான் சொல்கிறேன், ஏனெனில் இவர்களது கருத்துகள் கருவியோடும் கடிகாரத்தோடும் பிறந்தவை. 19-ஆம் நூற்றாண்டு உளவியல், காட்சியைத் தனித்தனிப் புலனுணர்வுகளின் கூட்டாகவே பார்த்தது. ஒரு மெட்டை வேறு சுருதிக்கு மாற்றினால் ஸ்வரங்களின் ஒலி எல்லாமே மாறியும் மெட்டு மாறுவதில்லையே என்று 1890-இல் கிறிஸ்டியன் ஃபான் ஏரன்ஃபெல்ஸ் கேட்டார். ஆனால் அவரும் உறுப்புகளுக்கு மேல் இன்னொரு கூறைச் சேர்த்ததோடு நின்றார். பிராகாவில் பிறந்த மாக்ஸ் வெர்ட்ஹைமர் அதைத் தலைகீழாக்கினார். 1910-இல் ரயில் பயணத்தில் அவருக்கு யோசனை பிறந்ததாகச் சொல்லப்படும் கதை எல்லோரும் அறிந்தது. அதைவிட முக்கியம், ஃபிராங்க்ஃபுர்ட்டில் அவர் கையில் கிடைத்த கருவி. டாகிஸ்டாஸ்கோப் என்பது சுழலும் சக்கரத்தின் திறப்பு வழியே ஒரு படத்தை நொடியின் சிறு பின்னம் மட்டும் காட்டி மறைப்பது. அதில் அவர் இரண்டு கோடுகளை மாற்றி மாற்றிக் காட்டினார். இடைவெளி நொடியில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் பார்ப்பவருக்கு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கோடுகள் தெரிந்தன. 30 மில்லிநொடி ஆனால் இரண்டும் ஒருசேரத் தெரிந்தன. 60 மில்லிநொடி வாக்கில் ஒரே கோடு இங்கிருந்து அங்கே நகர்ந்தது. சில நிலைகளில் நகரும் பொருள் எதுவும் தெரியாமல் நகர்வு மட்டும் தெரிந்தது. எந்தக் கோட்டிலும் இல்லாத ஒன்று இரண்டுக்கும் இடையே முதன்மையாகத் தெரிகிறது என்றால், உறுப்புகளைக் கூட்டிக் காட்சியைப் பெறலாம் என்ற கணக்கு நிற்காது. கண்விழி அசைவதால் வரும் மாயை இது என்பது அன்றே எழக்கூடிய ஆட்சேபம். வெர்ட்ஹைமர் ஒரே நேரத்தில் ஒரு கோடு இடமும் இன்னொன்று வலமும் நகரும்படி அமைத்துக் காட்டினார். விழி இரு திசையிலும் ஒருங்கே ஓட முடியாது. 1912-இல் வெளியான அந்த ஆய்வில் பார்த்துச் சொன்னவர்களில், ஃபிராங்க்ஃபுர்ட் நிறுவனத்தின் உதவியாளர்களான வோல்ஃப்காங் கோலர், குர்ட் கோஃப்கா ஆகிய இருவரும் கோஃப்காவின் மனைவியுமே முதன்மையானவர்கள்.

1923-இல் பெர்லினில் வெர்ட்ஹைமர் வெளியிட்ட கட்டுரை புள்ளிகளாலும் கோடுகளாலும் ஆனது. அருகிலிருப்பவை சேரும், ஒத்தவை சேரும், சேர்ந்து நகர்பவை சேரும், நேராகத் தொடர்பவை சேரும் என்ற பட்டியலாக அதை இன்று வடிவமைப்பு வகுப்புகளில் சொல்லிக் கொடுக்கிறார்கள். பட்டியலாகச் சுருக்கினால் அதன் உயிர் போய்விடுகிறது. அவர் செய்தது ஒரு விதியை இன்னொன்றோடு மோதவிட்டுப் பார்ப்பது: நெருக்கம் ஒரு பக்கம் இழுக்க, ஒப்புமை மறுபக்கம் இழுத்தால் எது வெல்லும்? தூரத்தைச் சிறுகச் சிறுக மாற்றினால் எந்த இடத்தில் தொகுப்பு சட்டென்று மாறும்? வாசலில் கோலம் போடுபவருக்கு இது புதிதல்ல. நேர்ப்புள்ளி வைத்தால் கோடு இழுக்குமுன்பே சதுரங்கள் தெரியும். அதே புள்ளிகளை ஊடுபுள்ளியாக வைத்தால் முக்கோணங்களும் அறுகோணங்களும் தெரியும். புள்ளி மாறவில்லை, ஒன்றுக்கொன்று இருக்கும் உறவு மாறியது. அந்த உறவுக்கு ஒழுங்கு உண்டு, அதைச் சோதிக்க முடியும் என்று காட்டியதே வெர்ட்ஹைமரின் சாதனை.

இவையெல்லாம் பழக்கம்தானே என்பது வலுவான மறுப்பு. கோடிக்கணக்கான முறை பார்த்த உருவங்களைத்தான் மனம் மீண்டும் பார்க்கிறது என்பார்கள். இதற்குக் குர்ட் கோட்ஷால்ட் 1926-இல் சோதனையாலேயே பதில் சொன்னார். எளிய உருவங்களை ஒரு குழுவுக்கு 3 முறையும் இன்னொரு குழுவுக்கு 520 முறையும் காட்டிவிட்டு, அவ்வுருவங்கள் ஒளிந்திருக்கும் சிக்கலான படங்களைக் கொடுத்தார். 520 முறை பார்த்தவர்களும் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே தடுமாறினார்கள். படத்தின் இப்போதைய அமைப்பு பழக்கத்தை விழுங்கிவிட்டது. பழக்கத்துக்குப் பங்கே இல்லை என்று இதனால் நிறுவிவிட முடியாது. வாழ்நாள் அனுபவம் வேறு, ஒரு சோதனைக்கூடத்தின் சில நாட்கள் வேறு. ஆனால் வெறும் கண்காட்சிப் படங்களை வரைந்தார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு இந்த ஒரு சோதனையே போதிய பதில்.

1922-இல் கோலர் இயக்குநரானார். அதையொட்டித் தொடங்கிய ‘சைகோலோகிஷே ஃபோர்ஷுங்’ இதழில் மாணவர்களின் முனைவர் ஆய்வுகள் அடுத்தடுத்து வந்தன. முடிந்த வேலையைவிட முடியாத வேலையே கூடுதலாக நினைவில் தங்குகிறது என்று 1927-இல் காட்டிய புளூமா ஸைகார்னிக், எதுவுமே வேறுபடாத ஒரே சீரான வெளியை உற்று நோக்க வைத்த வோல்ஃப்காங் மெட்ஸ்கர், பின்னாளில் கலைக்காட்சியைப் பற்றி எழுதிய ருடால்ஃப் ஆர்ன்ஹைம் எல்லோரும் அங்கே உருவானவர்கள். ஆசிரியர், உதவியாளர், மாணவர், கருவி, இதழ் ஆகிய ஐந்தும் ஒரே கூரையின்கீழ் இருந்ததுதான் அந்த வேகத்துக்குக் காரணம்.

1933 ஏப்ரல் 7-இல் வந்த அரசுப் பணிச் சட்டம் யூதப் பேராசிரியர்களை வெளியேற்றியது. வெர்ட்ஹைமரும் பெர்லின் குழுவைச் சேர்ந்த குர்ட் லெவினும் அந்த ஆண்டே நாட்டைவிட்டுப் போனார்கள். கோலர் யூதர் அல்லர். வாய்மூடி இருந்திருந்தால் பதவியில் நீடித்திருக்கலாம். அவர் ஏப்ரல் 28 அன்று பெர்லின் நாளிதழ் ஒன்றில் பணிநீக்கங்களைக் கண்டித்து வெளிப்படையாக எழுதினார். டிசம்பரில் நாஜி மாணவர்கள் நிறுவனத்தின் கூட்டத்துக்குள் புகுந்து சோதனை போட்டார்கள். மறு ஆண்டிலும் அது தொடர்ந்தது. அவருடைய உதவியாளர்களும் நீக்கப்பட்டார்கள். 1935-இல் கோலர் விலகி அமெரிக்காவின் ஸ்வார்த்மோர் கல்லூரிக்குப் போனார். அந்த மனிதரின் துணிச்சலை நான் பெரிதும் மதிக்கிறேன். அவருடைய அறிவியலை மதிப்பிடும்போதும் இதை மறக்க மனம் வரவில்லை.

அமெரிக்காவில் அவர்கள் நன்றாகத்தானே இருந்தார்கள், கோலர் 1959-இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவரே ஆனாரே என்று கேட்கலாம். பதவி கிடைத்தது, பட்டறை கிடைக்கவில்லை. ஸ்வார்த்மோரும் கோஃப்கா வேலை பார்த்த ஸ்மித் கல்லூரியும் முதன்மையாக இளங்கலைக் கல்லூரிகள். முனைவர் மாணவர்களை ஆண்டுதோறும் உருவாக்கும் இடங்கள் அல்ல. 1941-இல் கோஃப்கா இறந்தார், 1943-இல் வெர்ட்ஹைமர். அவர்களின் திறமையான மாணவர் கார்ல் டுங்கர் 1940-இலேயே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். மெட்ஸ்கரும் கோட்ஷால்ட்டும் ஜெர்மனியிலேயே தங்கினார்கள் என்பதும் உண்மை. ஆனால் இதழ் 1938-இல் நின்றது, போரும் வந்தது; எஞ்சியவர்களின் பணியில் பெரும்பகுதி ஆங்கிலம் படிக்கும் உலகை எட்டவில்லை.

விளக்கம் தோற்றது என்ற ஆட்சேபத்தை மறுக்க மாட்டேன். மூளையில் மின்புலங்கள் காட்சியின் வடிவத்தையே ஒத்து அமைகின்றன என்றார் கோலர். 1951-இல் உளவியலாளர் லாஷ்லியின் குழு குரங்கின் மூளைப் பரப்பில் பொற்தகடுகளை வைத்து மின்னோட்டத்தைக் குலைத்துப் பார்த்தது; குரங்கின் பார்வை குலையவில்லை. 1955-இல் ரோஜர் ஸ்பெர்ரி பூனைகளின் மூளையில் மைக்காத் தகடுகளைச் செருகியும் அதே முடிவு. அந்தக் கொள்கை அதிலிருந்து மீளவில்லை. ஆனால் தேதிகளைப் பாருங்கள்: தோல்வி வந்தபோது நிறுவனம் கலைந்து பதினைந்து ஆண்டுக்கு மேலாகிவிட்டது. மேலும், தோற்றது காரணம் பற்றிய ஊகம். எது எதோடு சேர்கிறது என்ற விதிகள் தோற்கவில்லை. 1955-இல் கேட்டானோ கனீட்ஸா, வெட்டப்பட்ட மூன்று வட்டங்களுக்கு நடுவே வரையப்படாத முக்கோணத்தைக் காட்டினார். 1984-இல் சூரிச் ஆய்வாளர்கள், அப்படிப்பட்ட இல்லாத விளிம்புகளுக்கும் துடிக்கும் நரம்பணுக்களைக் குரங்கின் பார்வைப் புறணியில் கண்டார்கள். 1995-இல் குபோவியும் வாகெமான்ஸும் புள்ளித் தூரம் கூடக்கூடத் தொகுப்பின் வலிமை எப்படித் தேய்கிறது என்று சமன்பாடாகவே எழுதினார்கள்.

பழக்கமா பிறவியா என்ற கேள்விக்கு இந்தியாவிலிருந்தும் ஒரு சான்று வந்திருக்கிறது. பிறவியிலேயே பார்வையிழந்து, வளர்ந்தபின் சிகிச்சையால் பார்வை பெற்றவர்களைப் பவன் சின்ஹாவின் பிரகாஷ் திட்டம் ஆராய்ந்தது. 2009-இல் வெளியான ஆய்வில் மூவருக்கு, ஒன்றன்மேல் ஒன்று கிடந்த உருவங்கள் முதலில் துண்டு துண்டாகவே தெரிந்தன. நிறம் மாறும் இடமெல்லாம் தனிப்பொருளாயிற்று. அதே உருவங்களை நகர்த்தியபோது துண்டுகள் உடனே ஒன்றாகச் சேர்ந்தன. மாதங்கள் கழிந்தபின் அசையாத படங்களிலும் சேர்க்கை வந்தது. ஆக, சேர்ந்து நகர்பவை சேரும் என்ற விதிக்கு நீண்ட பயிற்சி வேண்டியிருக்கவில்லை. அசையாத படத்தைத் தொகுக்கவோ பார்வையனுபவம் வேண்டியிருந்தது. வெர்ட்ஹைமர் ஒரே பட்டியலில் வைத்தவை ஒரே வயதுடையவை அல்ல. கோட்ஷால்ட் நினைத்ததைவிட அனுபவத்துக்குப் பங்கு கூடுதல். அவரை மறுத்தவர்கள் நினைத்ததைவிடக் குறைவு.