தூத்துக்குடியின் தாகமும் கழிவுநீரின் கதையும்

முத்து, சங்கு, உப்பு ஆகிய மூன்றையும் கடல் தூத்துக்குடிக்கு வாரி வழங்கியது. நல்ல தண்ணீரை மட்டும் வழங்கவில்லை. ஆண்டுக்குச் சுமார் 650 மில்லிமீட்டர் மழையே பெறும் கரை இது. கிணறு தோண்டினால் பல இடங்களில் உவர்நீரே ஊறும். அப்படியானால் இந்நகரம் இவ்வளவு காலமும் எந்தத் தண்ணீரைக் கொண்டு வளர்ந்தது? பயன்பட்ட பின் அந்தத் தண்ணீர் என்ன ஆகிறது? இவ்விரு கேள்விகளுக்கும் விடை தேடினால், ஒரு நகரின் வரலாறும் ஓர் அறிவியல் முறையின் வரலாறும் ஒன்றாய்ச் சேர்வதைக் காணலாம்.

ஆற்றை விட்டு விலகிய துறைமுகம்

பண்டைக் காலத்தில் முத்துக்குப் பெயர்பெற்ற பாண்டியர் துறைமுகம் கொற்கை. தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தருகே அது இருந்தது. ஆறு கொண்டுவந்த வண்டல் சேரச் சேரக் கடல் பின்வாங்கியது. கொற்கை உள்நாட்டு ஊராயிற்று. அடுத்துத் தலையெடுத்த காயலுக்கும் நாளடைவில் அதே கதி நேர்ந்தது. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வந்தபின் சிறப்புற்ற தூத்துக்குடியோ, ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து வடக்கே விலகி அமைந்தது. அதனால் துறை எளிதில் தூர்ந்து போகவில்லை. முத்துச் சிப்பிகளுக்கும் சேறு ஆகாது. 'பார்' எனப்படும் கடலடிப் பாறைப் பரப்புகளிலேயே அவை பற்றி வளரும். வண்டல் விலகியது நன்மைதான். ஆனால் அதனுடன் நன்னீரும் விலகிப் போயிற்று.

ஆகவே ஊரார் ஆற்றை நாடிச் செல்ல வேண்டியதாயிற்று. குரூஸ் பர்னாந்து நகராட்சித் தலைவராக இருந்த காலத்தில், மேற்கே வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி நீர் குழாய் வழியே நகருக்கு வந்தது. அதற்காக அவரை மக்கள் இன்றும் நன்றியோடு நினைவுகூர்கிறார்கள்.

கடைசி அணையின் கவலை

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் கட்டப்பட்ட திருவைகுண்டம் அணைக்கட்டு அவற்றுள் கடைசி. மேலே உள்ள ஏழும் எடுத்துக்கொண்டது போக எஞ்சியதே இங்கு வந்து சேரும். அதை நம்பித்தான் வடகால், தென்கால் பாசனத்தில் நெல்லும் வாழையும் பயிராகின்றன.

1961-ஆம் ஆண்டோடு தூத்துக்குடிக் கடலில் பெரும் முத்துக்குளிப்பு ஓய்ந்தது. அதன்பின் ஆலைகளின் காலம் பிறந்தது. 1974-இல் புதிய பெருந்துறைமுகம் திறக்கப்பட்டது. 1975-இல் 'ஸ்பிக்' உர ஆலையும், 1979-இல் அனல்மின் நிலையமும் இயங்கத் தொடங்கின. அனல்மின் நிலையம் குளிர்விப்பதற்குக் கடல்நீரைக் கொள்ளலாம்; கொதிகலனுக்கோ உப்பற்ற தூய நீரே வேண்டும். எனவே திருவைகுண்டத்திலிருந்து நாளொன்றுக்கு 2 கோடி காலன், அதாவது சுமார் 9 கோடி லிட்டர், ஆலைகளுக்கு எடுக்கும் திட்டம் அமைந்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் வாய்க்கால் வறண்டு கிடக்கக் குழாயில் மட்டும் நீர் ஓடுவதைக் கண்ட உழவர்கள் மனம் கொதித்தனர். வழக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. அணையின் நீரை ஆலைகளுக்குத் தரலாகாது என்று அது 2018-இல் ஆணையிட்டது.

உழவரின் முறையீடு நியாயமானது. ஆலையை நம்பி வாழும் தொழிலாளியின் தேவையும் பொய்யானதன்று. இருவருக்கும் போதுமான நீர் வேறு எங்கே இருக்கிறது?

ஆயிரத்தில் ஒரு பங்கு

நகருக்கு வழங்கப்படும் நீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பி வருகிறது என்பது பொறியாளர் கணக்கு. அருவருப்போடு நாம் ஒதுக்கும் அந்தக் கழிவுநீரில் 99.9 விழுக்காடு வெறும் தண்ணீரே! அழுக்கு ஆயிரத்தில் ஒரு பங்குதான். அந்த ஒரு பங்கைப் பிரிப்பது எப்படி என்பதே அறிவியல் எதிர்கொண்ட கேள்வி.

முதல் வெற்றி 1914-இல் கிடைத்தது. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கெட் என்னும் இருவர் கழிவுநீரில் காற்றைச் செலுத்தி, அடியில் தங்கிய கசடை எறிந்துவிடாமல் மீண்டும் மீண்டும் பயன்படுத்தினர். கசடில் பெருகிய நுண்ணுயிர்கள் அழுக்கை உணவாகக் கொண்டன. பல நாள் எடுத்த வேலை சில மணி நேரத்தில் முடிந்தது. அவர்களுக்கு வழிகாட்டிய கில்பர்ட் பௌலர் 1916-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திற்குப் பேராசிரியராக வந்தார் என்பது நமக்குச் சுவையான செய்தி.

ஆனால் நுண்ணுயிர்கள் உப்பைத் தின்பதில்லை. கரைந்த உப்பைப் பிரிக்க வேறு வழி வேண்டியிருந்தது. இயல்பாகச் சவ்வின் வழியே நீர், உப்புக் குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்திற்குச் செல்லும். உப்புநீர்ப் பக்கம் போதிய அழுத்தம் கொடுத்தால் ஓட்டம் திரும்பிவிடும். உப்பு தங்க, நீர் மட்டும் வெளிவரும். இதுவே எதிர்ச் சவ்வூடு பரவல். இதற்கேற்ற மெல்லிய சவ்வை, 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலிபோர்னியாவில் உருவாக்கியவர்கள் சிட்னி லோப் என்பவரும், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராசன் என்பவரும் ஆவர்.

1968-இல் ஆப்பிரிக்காவின் விண்டோக் நகரம் கழிவுநீரைத் தூய்மையாக்கிக் குடிநீரோடு சேர்க்கத் துணிந்தது. சிங்கப்பூர் 2003 முதல் மறுதூய்மை நீரைப் பெரிதும் ஆலைகளுக்கு வழங்கிவருகிறது.

சென்னை காட்டிய வழி

நம் நாட்டு முன்னோடிகளைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. தண்ணீர்ப் பஞ்சத்தால் வருந்திய சென்னை மணலியில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் 1990-களின் தொடக்கத்திலேயே நகரின் கழிவுநீரை வாங்கித் தூய்மைப்படுத்திப் பயன்படுத்தின. சென்னை நகரமே வறட்சியில் தவித்த 2019-இல், கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறனுள்ள நிலையங்கள் ஒவ்வொன்று திறக்கப்பட்டன. இரண்டும் சேர்ந்தால் 9 கோடி லிட்டர். திருவைகுண்டத்திலிருந்து ஆலைகளுக்கு எடுக்கத் திட்டமிட்ட அளவும் ஏறத்தாழ அதுவே!

'கடல் அருகிலிருக்கக் கழிவுநீர் எதற்கு?' என்று நீங்கள் கேட்கலாம். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. நகரக் கழிவுநீரில் பெரும்பாலும் ஓரிரு கிராமே இருக்கும். உப்பு குறைந்தால் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் மின்செலவும் குறையும்.

மூன்று எச்சரிக்கைகள் மட்டும் உண்டு. கடலோர நகரில் சாக்கடைக் குழாய்கள் வெடித்திருந்தால், நிலத்தடி உவர்நீர் உள்ளே கசிந்து இந்த ஆதாயத்தைக் கெடுத்துவிடும். ஆலை நஞ்சுகள் வீட்டுக் கழிவுநீரோடு கலந்தால் நுண்ணுயிர்கள் மடியும். சவ்வு தடுத்து நிறுத்திய செறிந்த உப்புநீரையும் கண்ட இடத்தில் கொட்ட முடியாது. பவளப் பாறைகள் நிறைந்த 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்கா அருகிலேயே உள்ளது. 2011-இல் உயர் நீதிமன்ற ஆணையால் மூடப்பட்ட திருப்பூர்ச் சாய ஆலைகள், பின்னர் நீரோடு உப்பையும் மீட்டுப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டன. அந்தப் பாடம் இங்கும் உதவும். நீரை ஆவியாக விட்டு உப்பைச் சேர்க்கும் கலை தூத்துக்குடி உப்பளத் தொழிலாளருக்குப் புதிதா என்ன?

வரலாறு நெடுகத் தூத்துக்குடி தன் தாகத்திற்கு ஆற்றையே நாடியது. ஆற்றில் மழையைப் பொறுத்தே நீர் வரும். ஆனால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் புறப்படும் கழிவுநீர், கோடையிலும் குன்றாத ஒரு சிற்றாறு. அதைத் தூய்மையாக்கி ஆலைகளுக்கு அளித்தால், தாமிரபரணி மிச்சமாகும். அடுத்த முறை உங்கள் வீட்டுத் தொட்டியிலிருந்து நீர் வடிந்தோடக் காணும்போது, திருவைகுண்டத்துக் கடைமடையில் நீருக்குக் காத்திருக்கும் ஒரு வாழைத் தோட்டத்தை எண்ணிப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள தொடர்பு உங்களுக்கே விளங்கும்.