அகத்தாய்வு

அகத்தாய்வு என்பது வேதாத்திரி மகரிஷி (1911–2006) வகுத்த மனவளக்கலையில் தியானத்தோடு சேர்த்துக் கற்பிக்கப்படும் தன்னாய்வுப் பயிற்சி. எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல், 'நான் யார்?' என்று வினவுதல் ஆகிய ஐந்தும் இதில் அடங்கும். குடும்பத்தையும் தொழிலையும் விடாமலே மன அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ள விரும்புகிறவர்களை மனத்தில் வைத்து அமைந்த முறை இது.

வகுத்தவரும் அப்படி வாழ்ந்தவர்தான். சென்னைக்குத் தெற்கே கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, தறியில் உழைத்து, பின்னர் துணித் தொழில் நடத்தியவர் வேதாத்திரி. வறுமை, கடன், வியாபார ஏற்றத்தாழ்வு எல்லாவற்றையும் உள்ளிருந்து அறிந்தவர். பரஞ்சோதி மகானிடம் குண்டலினி யோகம் பயின்று, அதை இல்லறத்தார்க்கு ஏற்றபடி எளிமைப்படுத்தினார். 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தை நிறுவினார். பொள்ளாச்சிக்கு அருகே ஆழியாற்றில் 1984இல் அறிவுத்திருக்கோயில் தொடங்கப்பட்டது. இன்று தமிழ்நாட்டின் பல ஊர்களில் மனவளக்கலை மன்றங்களிலும் தவ மையங்களிலும் இப்பயிற்சி நடக்கிறது.

பயிற்சியின் முதற்பகுதி தவம். தியானத்தை மனவளக்கலை அன்பர்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள். எளிய உடற்பயிற்சிகளைச் செய்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, புருவ மத்தியில் தோன்றும் உணர்வைக் கவனிப்பது ஆக்கினைத் தவம். தொடக்கத்தில் ஆசிரியர் அந்த இடத்தைத் தொட்டு உணர்த்துகிறார். உணர்வு மிகுந்து தலை கனப்பதுபோல் தோன்றினால் கவனத்தை முதுகெலும்பின் அடிக்குக் கொண்டுவருவது சாந்தி தவம். உச்சந்தலையில் செய்வது துரியத் தவம். இவற்றில் சாந்தி தவத்துக்குத் தனி மதிப்பு உண்டு. ஏறத் தெரிந்தவருக்கு இறங்கவும் தெரிய வேண்டும் என்ற எச்சரிக்கையை முதல் பாடங்களிலேயே சேர்த்தது நல்ல ஆசிரியரின் செயல்.

தவம் மட்டும் போதாதா என்ற கேள்வி இயல்பானது. அமைதியாக உட்கார்ந்தால் மூச்சு நிதானப்படுகிறது, தசைகள் தளர்கின்றன, மனமும் சற்று அடங்குகிறது. எழுந்ததும் தவணைப் பாக்கி அப்படியே இருக்கிறது. காலையில் மனைவியிடம் எறிந்த சொல்லும் திரும்பி வருகிறது. அகத்தாய்வு தொடங்குவது இந்த இடத்தில்தான். தவத்தில் கிடைத்த நிதானத்தை வைத்துக்கொண்டு, தாளும் பேனாவுமாக உட்கார்ந்து, நெருக்குவது எது என்று எழுதிப் பார்ப்பதே இதன் செயல்முறை.

எண்ணம் ஆராய்தலில், ஓர் எண்ணம் எதனால் எழுந்தது என்று கேட்கப்படுகிறது. தேவை, பழக்கம், சூழ்நிலைக் கட்டாயம், பிறர் மனத் தூண்டுதல், கருவமைப்பு (பரம்பரையாக வரும் பதிவுகள்), தெய்வீகம் என ஆறு காரணங்களை வேதாத்திரி சொன்னார். கடைசி இரண்டும் அவருடைய தத்துவத்தை ஏற்பவர்களுக்கே பொருள்படும். முதல் நான்கையோ எவரும் தம்மிடமே சோதித்துப் பார்க்கலாம். மனத்தில் ஓடுவதில் எவ்வளவு தம்முடைய தேவை, எவ்வளவு வெறும் பழக்கம் என்று பிரித்துப் பார்த்தவர் அந்த எண்ணத்தை அடுத்த முறை எளிதாக அடையாளம் கண்டுகொள்வார். ஆசை சீரமைத்தலும் ஒரு பட்டியலில்தான் தொடங்குகிறது. ஒவ்வோர் ஆசையும் தேவைதானா, நிறைவேற்ற வசதி இருக்கிறதா, நிறைவேறினால் பின்விளைவு என்ன என்று பார்த்து, வைத்துக்கொள்ள வேண்டியதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதையும் முடிவு செய்வது. ஆசையை அடியோடு அறுக்கச் சொல்லாதது இல்லறத்தாருக்குப் பெரிய ஆறுதல்.

சினம் பற்றிய பகுதி கூர்மையானது. நாம் அதிகம் சினப்படுவது பகைவரிடம் அல்ல, உடன் வாழ்பவர்களிடமும் நமக்காக உழைப்பவர்களிடமும்தான் என்பதை வேதாத்திரி திரும்பத் திரும்பச் சுட்டினார். ஆகவே, யார்மீது சினம் வருகிறது, எதற்காக வருகிறது என்று பெயர் பெயராக எழுத வேண்டும். பட்டியலில் முதலில் வருவது பெரும்பாலும் வீட்டுப் பெயர்கள்தான். பிறகு ஒவ்வொருவரையும் நினைத்து, தவத்தின் முடிவில் 'வாழ்க வளமுடன்' என்று வாழ்த்த வேண்டும். முதலில் இது செயற்கையாகத் தோன்றலாம். ஆனால் அடுத்த முறை அதே ஆள் அதே சொல்லைச் சொல்லும்போது, சீறி விழுவதற்கு முன் ஒரு கணம் இடைவெளி கிடைக்கிறது. பயிற்சி கேட்பதும் அந்த இடைவெளியைத்தான்.

அன்றாட அழுத்தத்துக்கு மிக நேரடியாகப் பயன்படுவது கவலை ஒழித்தல். எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் இடையே வரும் பிணக்கில் மனம் தவிப்பதே கவலை என்கிறது மனவளக்கலை. அதை எழுதிவைத்து நான்காகப் பிரிக்கச் சொல்கிறது: அனுபவித்தே தீர வேண்டியவை, அலட்சியம் செய்ய வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை. பெற்றவரின் மறைவு முதல் வகை. அதற்குத் தீர்வு தேடுவதே துன்பத்தைக் கூட்டும். பக்கத்து வீட்டார் என்ன பேசுவார்களோ என்பது இரண்டாவது. எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளின் திருமணச் செலவை இன்றைக்கே எண்ணி மருகுவது மூன்றாவது. மழைக்கு ஒழுகும் கூரை நான்காவது. அதற்குத் தவம் வேண்டாம், கொத்தனார் வேண்டும். இந்த நான்காம் வகையைத் தனியே வைத்ததில்தான் முறையின் நேர்மை தெரிகிறது. செய்ய வேண்டிய வேலையிலிருந்து ஒளிந்துகொள்ள ஓர் இடமாகத் தியானம் மாறிவிடக் கூடாது. நான்கும் கலந்து ஒரே பாரமாக அழுத்தும்போது எதையும் செய்யத் தோன்றாது. பிரித்து எழுதினால், இன்று செய்ய வேண்டியது ஒன்றோ இரண்டோதான் என்று தெரியவருகிறது.

ஐந்தாம் பகுதியான 'நான் யார்?' என்ற கேள்வியைத் தமிழர் பெரும்பாலும் திருவண்ணாமலையோடு சேர்த்தே அறிவார்கள். ரமண மகரிஷி (1879–1950) அங்குள்ள விருபாக்ஷி குகையில் மௌனமாக இருந்த காலத்தில், சிவப்பிரகாசம் பிள்ளையின் கேள்விகளுக்கு எழுதிக் காட்டிய விடைகளே பின்னர் 'நான் யார்?' என்ற சிறுநூலாயின. இரண்டு வழிகளும் ஒன்றல்ல. ஓர் எண்ணம் எழுந்தால் அது யாருக்கு எழுந்தது என்று கேட்டு, கேட்பவனிடமே திரும்புவது ரமணரின் ஆன்ம விசாரம். கூட்டித் தள்ள வேண்டிய குப்பையை ஆராய்வதில் பயனில்லை என்ற உவமையால், தன்னை மறைக்கும் தத்துவங்களை (உடல், மனம் முதலிய கூறுகளை) இத்தனை என்று கணக்கிடுவது வீண் என்று அவர் விளக்கினார். வேதாத்திரியோ ஆசையையும் சினத்தையும் கவலையையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்க்கச் சொல்கிறார். 'நான் யார்?' அதற்குப் பிறகே வருகிறது. கடனும் குடும்பமும் சூழ நிற்கும் ஒருவருக்கு வேதாத்திரியின் படிவரிசை கைக்கு எட்டுவது. ரமணரின் வழியில் படிகளே இல்லை. அது வாய்ப்பவர்களுக்கு வேறொன்றும் தேவைப்படுவதில்லை.

தியானத்தின் பயன் பற்றி அறிவியல் ஆய்வுகள் நிதானமாகவே பேசுகின்றன. 'ஜாமா இன்டர்னல் மெடிசின்' இதழில் 2014இல் வெளியான தொகுப்பாய்வு, 3,515 பேர் பங்கேற்ற 47 சோதனைகளை ஆராய்ந்தது. விழிப்புநிலைத் தியானம் பதற்றத்தையும் மனச்சோர்வையும் வலியையும் ஓரளவு குறைப்பதற்கு மிதமான சான்று இருப்பதாகவும், மன அழுத்தத்தைப் பொறுத்தவரை சான்று வலுவற்றது என்றும், உடற்பயிற்சியையும் மருந்தையும் விடத் தியானம் மேலானது என்பதற்குச் சான்று இல்லை என்றும் அது கண்டது. எழுதிப் பார்ப்பதற்கும் தனியே ஆய்வு உண்டு. 1986இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்களை வருத்திய நிகழ்வுகளை எழுதவைத்தார். அடுத்த மாதங்களில் அவர்கள் உடல்நல மையத்துக்குச் சென்றது குறைந்தது. இவை மனவளக்கலையைச் சோதித்த ஆய்வுகள் அல்ல; மனம் நொடிக்கு எத்தனை அலைகளாக இயங்குகிறது என்று, தவத்தின் பலனாக மன்றங்களில் சொல்லப்படும் மன அலைச்சுழல் கணக்குகளுக்கு இவற்றைச் சான்றாகக் காட்டக் கூடாது.

பயிற்சிக்கு எல்லையும் உண்டு. குறைந்த கூலி, ஓயாத வேலைநேரம், வீட்டு வன்முறை ஆகியவற்றால் வரும் அழுத்தத்தை அதைத் தாங்குகிறவரின் மனப்பயிற்சிக்குள் அடக்கிவிட முடியாது. கடும் மனச்சோர்வோ, குரல்கள் கேட்பதோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ இருப்பவர்களை அவற்றோடு தனியே கண்மூடி உட்காரச் சொல்வது ஆபத்து. அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மனநல மருத்துவரை. இந்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416இல் நாள் முழுவதும் கட்டணமின்றிப் பேசலாம். மருந்து உட்கொண்டு வருபவர்கள் தவம் கற்கத் தொடங்கியதும் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது.