காத்திருத்தலின் விலை: பீப்பாவில் முதிர்ந்த பியரின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

பண்டமொன்றின் உற்பத்திச் செலவை ஆராய்வோர் பொதுவாக மூலப்பொருள், கூலி, இயந்திரம், போக்குவரத்து ஆகியவற்றையே கணக்கிடுவர். காலமும் ஓர் உற்பத்திச் செலவு என்பது பலவேளைகளில் மறக்கப்பட்டுவிடுகின்றது. செய்து முடித்த பண்டத்தை உடனே விற்காது ஓராண்டோ ஈராண்டோ களஞ்சியத்தில் வைத்திருக்க வேண்டுமாயின், அக்காலம் முழுவதும் அதில் முடங்கிக்கிடக்கும் பணத்தை யாரோ ஒருவர் தாங்கியாகவேண்டும். ஓக் மரக் கலங்களில் பியரை முதிரவைக்கும் தொழிலின் வரலாறு இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டுவதாகும். பதினெட்டாம் நூற்றாண்டில் இலண்டனில் உச்சநிலை எய்தி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேய்ந்து, பெல்ஜியத்தின் சில பகுதிகளில் உயிர்பிழைத்து, இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கச் சிற்றாலைகளில் மீண்டும் தலையெடுத்தது இத்தொழில். இதனைச் சுவையின் கதையாக மட்டுமன்றி, காத்திருக்கும் வலிமை யார் கையில் இருந்தது என்ற வினாவாகவும் நோக்குதல் வேண்டும்.

பியர், முளைகட்டி உலர்த்திய பார்லியின் சாற்றை ஹொப் மலர்களுடன் கொதிக்கவைத்து மதுவத்தால் நொதிக்கச் செய்து பெறப்படுவது. முதல் நொதித்தல் சில நாட்களில் முடிந்துவிடும். ஆயினும் மரக்கலத்தில் இட்டு வைத்தால் இரண்டாவது நொதித்தலொன்று மெல்ல நிகழும். மரத்தின் நுண்டுளைகளில் வாழும் வேறு மதுவ வகைகளும் பற்றீரியாக்களும், முதல் மதுவம் உண்ணாது விட்ட வெல்லங்களை மாதக்கணக்கில் உண்டு, புளிப்பையும் புதிய நறுமணங்களையும் தோற்றுவிக்கும். மரத்தினூடே சிறிதளவு ஒட்சிசனும் உட்புகும். அது மிகுந்தால் பியர் காடியாகிவிடும். அளவோடு நின்றால் கரடுமுரடான சுவை தணிந்து மென்மையுறும். எனவே, முதிரவைத்தல் என்பது வெறுமனே வைத்திருத்தலன்று. கெடுதலுக்கும் கனிதலுக்கும் இடைப்பட்ட எல்லையில் பண்டத்தை நிறுத்திவைக்கும் கலையாகும்.

1720களில் இலண்டனில் பரவிய கருங்கபில நிறப் பியர், அந்நகரின் தெருக்களிலும் தேம்ஸ் நதித் துறைகளிலும் சுமைதூக்கிய தொழிலாளர் விரும்பி அருந்தியமையால் ‘போட்டர்’ எனப் பெயர் பெற்றது. ரால்ப் ஹார்வுட் என்பார் 1722இல் இதனைக் கண்டுபிடித்தார் என்னும் கதை பிற்காலத்தெழுந்தது. அதனை இன்றைய ஆய்வாளர் ஏற்பதில்லை. விறகுத் தீயில் உலர்த்திய கபிலநிறப் பார்லியாற் செய்யப்பட்ட இப்பியர், புதிதாயிருக்கையில் புகைநாற்றமும் முரட்டுச் சுவையும் உடையது. பல மாதங்கள் கிடந்தபின்பே இனிதாயிற்று. தொடக்கத்தில் பியரைப் புதிதாக வாங்கி முதிரவைத்து விற்று இலாபம் பெற்றோர் இடைத்தரகரும் மதுச்சாலைக்காரருமே. முதிர்ந்த பழைய பியரையும் மலிவான புதிய பியரையும் வாடிக்கையாளரின் விருப்பத்துக்கும் பணத்துக்கும் ஏற்ப அவர்கள் கலந்து கொடுத்தனர். இந்த இலாபத்தைத் தாமே கைக்கொள்ளலாம் என்பதை ஆலைக்காரர் விரைவில் உணர்ந்தனர்.

இவ்வுணர்வின் விளைவே பெருந்தொட்டிகளாகும். இங்கு எளிய கணிதமொன்று தொழிலின் போக்கைத் தீர்மானித்தது. கலமொன்றின் நீள அகல உயரங்கள் இரட்டித்தால் அதன் மேற்பரப்பு நான்கு மடங்காகும். கொள்ளளவோ எட்டு மடங்காகும். ஆகவே தொட்டி பெரிதாகும்தோறும் பியரின் ஒவ்வோர் அலகுக்கும் வேண்டிய மரம் குறையும்; உட்புகும் காற்றும் குறையும்; புளித்துப்போகும் அபாயமும் குறையும். சிறு பீப்பாக்களில் முதிரவைத்தவன் பெருந்தொட்டி கட்டியவனோடு போட்டியிட இயலவில்லை. ஆனால் பெருந்தொட்டியை நிறுவவும், நிரப்பவும், நிரப்பியதை மாதக்கணக்கில் தொடாது விடவும் பெருமூலதனம் வேண்டியிருந்தது. காத்திருக்கக்கூடியவனே வென்றான்.

1742இல் தொழில் தொடங்கிய சாமுவேல் விற்பிரெட் 1750இல் சிஸ்வெல் வீதியில் பேராலை அமைத்தார். 1785இல் அங்கு போல்ற்றன்–வாற் நிறுவனத்தின் நீராவி இயந்திரம் நிறுவப்பட்டது. 1796இல் ஆண்டு உற்பத்தி 200,000 பீப்பாக்களைக் கடந்தது. சதக் துறையில் ஹென்றி திரேலுக்குரியதாயிருந்த ஆலை, அவர் மறைந்தபின் 1781இல் 135,000 பவுணுக்கு விற்கப்பட்டது. அவ்விற்பனையை நடத்திய மரணசாசன நிறைவேற்றாளருள் ஒருவர், ஆங்கில அகராதி இயற்றிய சாமுவேல் ஜோன்சன் ஆவர். வாங்கியோருள் பாங்குத் தொழிலில் ஈடுபட்ட பார்க்ளே குடும்பத்தினர் முதன்மை பெற்றனர். பியர்த் தொழிலும் பாங்குத் தொழிலும் இவ்வாறு கைகோத்தமை தற்செயலன்று. இரண்டுமே காலத்தைப் பொருளாக மாற்றும் தொழில்கள் அல்லவா?

இவ்வாறு சேர்ந்த மூலதனம் எவர் வாசலில் நின்றது என்பதை 1814 ஒக்ரோபர் 17ஆந் திகதி உணர்த்திற்று. ரொட்டனம் கோட் வீதியருகே மியூக்ஸ் நிறுவனத்துக்குரிய ‘ஹோர்ஸ் ஷூ’ ஆலையில், 22 அடி உயரமான தொட்டியொன்றில் பத்து மாதம் முதிர்ந்த போட்டர் 3,500 பீப்பாக்களுக்கு மேல் நிறைந்திருந்தது. அன்று பிற்பகல் அதனைச் சுற்றியிருந்த ஏறத்தாழ 700 இறாத்தல் நிறையுள்ள இரும்பு வளையமொன்று கழன்று வீழ்ந்தது. ஆண்டில் இரண்டு மூன்று முறை நிகழ்வதுதான் எனக் கருதப்பட்டமையால் எவரும் அஞ்சவில்லை. பின்னர் திருத்துவிக்கும்படி களஞ்சிய எழுதுநர் குறிப்பொன்று எழுதினார். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் தொட்டி வெடித்தது. ஆலையின் பின்சுவரைத் தகர்த்துப் பாய்ந்த வெள்ளம் சென் கைல்ஸ் சேரியின் வீடுகளுட் புகுந்தது. அங்கொரு நிலவறையில், இறந்த இரண்டு வயதுக் குழந்தையொன்றின் உடலைச் சூழ்ந்து அயர்லாந்து ஏழை மக்கள் துக்கம் காத்திருந்தனர். அவர்களுள் ஐவர் மாண்டனர். மொத்தமாக இறந்தோர் எண்மர். எண்மரும் பெண்களும் சிறுவருமே.

இரு நாட்களின் பின் நடந்த மரண விசாரணை, இவை தற்செயலாக நேர்ந்த மரணங்கள் எனத் தீர்ப்பளித்தது. எனவே ஆலை இழப்பீடு செலுத்த வேண்டியதில்லை என்றாயிற்று. ஏறக்குறைய 23,000 பவுண் நட்டமடைந்த நிறுவனமோ, பாராளுமன்றத்துக்கு விண்ணப்பித்து, வீணாகிய பியருக்குச் செலுத்திய தீர்வையில் ஏறக்குறைய 7,250 பவுணை மீளப்பெற்றது. பிற்காலத்தில், சேரிமக்கள் தெருவில் ஓடிய பியரை அள்ளிக் குடித்து வெறித்தனர் என்றும், அதனால் மேலும் உயிர்கள் போயின என்றும் கதைகள் வழங்கின. அக்காலச் செய்தித்தாள்களில் இவற்றுக்குச் சான்றில்லை. நட்டத்தைத் தாங்கிய மக்கள்மீதே பழியையும் சுமத்திய இக்கதை, ஏழைகளின் வரலாறு எவ்வாறு எழுதப்படுகின்றது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறிற்று. 1830களிலிருந்து இலண்டன் மக்களின் நாட்டம் புதிய, இனிமையான பியரின்பாற் சென்றது. சில வாரங்களில் விற்றுத்தீரும் பியர் கைக்கு வந்தபின், முதலை ஓராண்டு முடக்குதல் ஆலைக்காரருக்கு வீண்செலவாகத் தோன்றிற்று. முன்னர் காத்திருத்தலால் வென்ற அதே மூலதனம் இப்போது விரைவால் வெல்ல முற்பட்டது. பெருந்தொட்டிகள் படிப்படியாக அகற்றப்பட்டன. இத்தொழில் மங்கிய வேளையிலேயே அதன் இரகசியம் வெளிப்பட்டமை வரலாற்றின் முரண்நகையாகும். டென்மார்க்கின் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த நீல்ஸ் ஹெல்டே கிளவுசன், ஆங்கிலேய முதிர்பியரின் தனிமணத்துக்குக் காரணமான மெதுநொதி மதுவத்தைப் பிரித்தறிந்து, 1904இல் இலண்டனில் அறிவித்தார். ‘பிரெற்றனோமைசிஸ்’ என அவர் இட்ட பெயர் ‘பிரித்தானியப் பூஞ்சணம்’ எனப் பொருள்படும். பிரித்தானியாவின் பெயரைச் சூடிய அந்நுண்ணுயிர்க்குப் பிரித்தானிய ஆலைகளில் இடமில்லாது போயிற்று.

எனினும் அதற்குப் பெல்ஜியம் புகலிடமளித்தது. மேற்கு பிளாண்டர்சின் ரூசெலாரே நகரில் 1821 முதல் ரொடன்பாக் குடும்பத்தினர் நடத்திய ஆலையில் ஏறத்தாழ 300 ஓக் தொட்டிகள் உள்ளன. ஈராண்டு முதிர்ந்த புளிப்புப் பியரை இளம்பியருடன் கலப்பது இவ்வாலையின் மரபு. இலண்டன் மதுச்சாலைகளிற் பழையதும் புதியதும் கலந்த முறையின் சாயலை இதிற் காணலாம். பிரசல்ஸ் நகரில் 1900இல் தோன்றிய கன்ரியோன் ஆலையிலோ மதுவம் இடப்படுவதேயில்லை. குளிர்மாதங்களில், கூரையின் கீழுள்ள அகன்ற ஆழமற்ற கலத்தில் சாறு இரவு முழுதும் திறந்து கிடக்கும். காற்றிலும் கட்டடத்திலும் உள்ள நுண்ணுயிர்களே அதனை நொதிக்கச் செய்யும். ஒன்று, இரண்டு, மூன்று ஆண்டு முதிர்ந்த பீப்பாக்களைச் சுவைத்துக் கலப்பதே ஆலையோனின் தலையாய பணி. தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பம் சிறிய அளவில் நடத்தியமையாலேயே இவ்வாலை நிலைத்தது. அங்கு காத்திருத்தலைத் தாங்கியது பெருமூலதனமன்று, குடும்ப மரபாகும்.

அமெரிக்காவில் இத்தொழில் மீண்டும் துளிர்க்கத் துணைபுரிந்தது ஒரு சட்டம். ‘போர்பன்’ விஸ்கி, உட்புறம் கருக்கிய புதிய ஓக் கலங்களிலேயே முதிரவைக்கப்பட வேண்டுமென அந்நாட்டுச் சட்டம் விதிக்கின்றது. ஆகவே ஒருமுறை பயன்பட்ட பீப்பாக்கள் பெருந்தொகையாகக் கழிக்கப்பட்டன. அவற்றைச் சிக்காகோவின் கூஸ் ஐலண்ட் ஆலை வாங்கிச் செறிவான கரும்பியரை நிரப்பிற்று. மரத்தில் ஊறியிருந்த விஸ்கியும் கருக்கிய ஓக்கின் வனிலா மணமும் பியரிற் கலந்தன. இது 1992இல் நிகழ்ந்ததென ஆலை கூறிவந்தது. 1995 என்பதே சான்றுகளோடு பொருந்துவதெனப் பின்னர் ஆய்ந்தோர் காட்டினர். ஹார்வுட் கதையைப் போன்று இங்கும் தோற்றக்கதை முந்திக்கொண்டது. ரொடன்பாக்கிற் பணியாற்றிய பீற்றர் பூக்கேற் 1996இல் கொலராடோவின் நியூ பெல்ஜியம் ஆலைக்குச் சென்றமையால், பிளாண்டர்சின் புளிப்புக் கலையும் அங்கு வேரூன்றியது.

இச்சிற்றாலைகளின் பிற்கதை பழைய வினாவையே மீண்டும் எழுப்புகின்றது. கூஸ் ஐலண்ட் 2011இல் அன்ஹைசர்-புஷ் நிறுவனத்துக்கு 38.8 மில்லியன் டொலருக்கு விற்கப்பட்டது. தொழிலாளர் உடைமையாயிருந்த நியூ பெல்ஜியத்தை ஜப்பானின் கிரின் குழுமத்தைச் சேர்ந்த நிறுவனமொன்று வாங்குவதற்கு 2019இல் உடன்பாடு ஏற்பட்டது. ரொடன்பாக்கும் 1998இல் பிறிதோர் ஆலையின் கைக்கு மாறிற்று. சிறியோர் பொறுமையாற் படைத்த பெயரைப் பெரியோர் பணத்தால் வாங்கிக்கொள்ளும் இப்போக்கு, இலண்டனில் மதுச்சாலைக்காரரிடமிருந்து ஆலைக்காரர் முதிர்ப்பைப் பறித்துக்கொண்ட போக்கின் மறுவடிவமே எனலாம்.

மரமும் மதுவமும் எவர்க்கும் ஒரே வேகத்திலேயே தொழிற்படும். அவற்றை விரைவுபடுத்தும் வல்லமை மூலதனத்துக்கு இல்லை. ஆயின் அவ்வேகத்தைப் பொறுத்திருக்கும் உரிமை மட்டும் சமூகத்தில் ஒருபோதும் சமமாகப் பகிரப்படவில்லை. காத்திருந்தோர் இலாபம் பெற்றனர். அவர்களது தொட்டியின் நிழலில் வாழ்ந்தோர், அதன் வளையம் கழன்றபோது விலை கொடுத்தனர். முதிர்ந்த பண்டமொன்றின் சிறப்பைப் போற்றும் வரலாறு, அவ்விலையையும் கணக்கிற் சேர்த்தாலன்றி நிறைவுபெறாது.