லைப்ரரி காணாப் பிழை (லினக்ஸ்)
வரைகலை நிரலைக் கம்பைல் செய்கையில், தேவையான லைப்ரரி கிடைக்காமல் எழும் பிழை. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், டெபியன் வழிவந்தது. எனவே டெபியனைப் போலவே இதிலும் நிரலை இயக்கத் தேவையான பொதி (பேக்கேஜ்) வேறு, கம்பைல் செய்யத் தேவையான பொதி வேறு. முதலாவது மட்டும் இருந்தால் நிறுவிய நிரல்கள் ஒழுங்காக ஓடும். புதிய நிரலின் கம்பைல் பாதியில் நிற்கும். தொடக்கநிலை மாணவர்கள் பலர் தடுமாறும் இடம் இதுவே.

ஹெடர் கோப்பு இல்லை என்றாலும், லிங்கர் '-எல்எக்ஸ்11' கிடைக்கவில்லை என்றாலும், '-டெவ்' என முடியும் பொதியை நிறுவுவதே பெரும்பாலும் தீர்வு: திரை வரைகலைக்கான எக்ஸ்11க்கு லிப்எக்ஸ்11-டெவ், தமிழ் வரிகளைத் திரையில் அமைக்கும் பாங்கோவுக்கு லிப்பாங்கோ1.0-டெவ். கோப்பு எந்தப் பொதியில் உள்ளது என்பதை ஆப்ட்-ஃபைல் கட்டளை காட்டும். வேறு கணினியின் கோப்பை நகலெடுத்து வைப்பது தவறு. பதிப்பு பொருந்தாவிட்டால் நிரல் ஓடும்போது முறியும். கம்பைல் முடிந்து, இயக்கும்போது பிழை வந்தால், விடுபட்ட லைப்ரரியை எல்டிடி கட்டளை காட்டும். நாமே நிறுவிய லைப்ரரியானால் எல்டிகான்ஃபிக் ஓட்டிப் பார்க்க வேண்டும்.