காடு யாருக்கு வனாந்தரம்?

நம் ஆண்டவர் சோதிக்கப்பட்ட இடத்தைத் தமிழ்த் திருமறை வனாந்தரம் என்கிறது. அச்சொல்லிலே வனம் இருக்கிறது. யூதேயாவின் அவ்விடத்திலோ கல்லும் வறண்ட குன்றுகளுமே உள்ளன. அடர்ந்த காட்டையும் அதன் இருளையும் பிரசங்கத்தில் வருணித்துவிட்டு, பின்னர் அந்நாட்டின் படத்தைக் கண்டு நாணியோர் நம்மில் உண்டு. ஆயினும் பாலையையும் காட்டையும் ஒன்றாகக் காணும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. எகிப்தின் பாலைவனத் தந்தையரைப் பின்பற்ற விழைந்த இடைக்கால மேலை ஐரோப்பியத் துறவியர், தம் நாட்டில் மணற்பாலை இன்மையால், காட்டையே தமக்குரிய பாலையாகக் கொண்டனர். இதனால் விளைந்தவை யாவை என்பதைப் பெரும்பாலும் இங்கிலாந்து நாட்டுச் சான்றுகளைக் கொண்டு நோக்குவோம்.

1098 இல் பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியிலுள்ள சீட்டோ என்னுமிடத்தில் சிஸ்டெர்சியன் சபை தோன்றிற்று. அச்சபையின் தொடக்க வரலாற்றை எழுதியோர், உபாகமம் 32:10 இல் காணப்படும் பாழான அவாந்தரவெளியின் மொழியாலேயே அவ்விடத்தை வருணித்தனர். அச்சபையின் பெரும் தலைவரான கிளேர்வோ பெர்னார்டு, கல்வியில் சிறந்த ஹென்றி மர்டாக் என்பாருக்கு எழுதிய மடலில், நூல்களில் கற்பதினும் மிகுதியாகக் காட்டில் கற்கலாம் என அறிவுறுத்தினார். மர்டாக் அவ்வழைப்பை ஏற்றுத் துறவியானார். பிற்காலத்தில் யார்க் நகரின் தலைமைப் பேராயராகவும் உயர்ந்தார். ஆக, துறவியரின் கண்ணுக்குக் காடு மனிதரற்ற வெளி. ஆன்மா தன் இறைவனோடு தனித்திருக்கும் இடம்.

அக்காடு உண்மையில் மனிதரற்றிருந்ததா? 1086 இல் வில்லியம் மன்னர் தொகுப்பித்த டூம்ஸ்டே ஏட்டைப் புரட்டுவோர், பல பகுதிகளில் காட்டின் அளவு இத்தனை பன்றிகள் எனக் குறிக்கப்பட்டிருப்பதைக் காண்பர். இலையுதிர் காலத்தில் ஓக், பீச் மரங்களின் கொட்டைகள் உதிரும்போது ஊரார் தம் பன்றிகளை ஓட்டிச்சென்று கொழுக்க வைத்தனர். அவற்றின் இறைச்சியே குளிர்கால உணவாயிற்று. ஊர்ப்புறக் காட்டில் மரத்தை வேரோடு சாய்ப்பது அரிது. தரையை ஒட்டி வெட்டி அடிக்கட்டையை விட்டுவிடுவர். அதினின்று தளிர்க்கும் கிளைகளைச் சில ஆண்டுகள் வளரவிட்டு மீண்டும் வெட்டுவர். இளந்தளிரை ஆடுமாடு மேயாதபடி வேலியிடுவர். விறகும், வேலிக்கழியும், சுவர் எழுப்பும் மிலாறும், கருவிகளின் கைப்பிடியும் இவ்வாறே கிடைத்தன. கரிமூட்டம் போடுவோர் காட்டிலேயே தங்கிக் கொல்லருக்குக் கரி தந்தனர். தோல் பதனிடுவோருக்கு ஓக் பட்டை சென்றது. திருப்பீடத்தில் எரிந்த மெழுகுதிரிகளுக்குத் தேவையான தேன்மெழுகும் ஓரளவு காட்டிலிருந்தே வந்தது என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. குடியானவனுக்குக் காடு அவன் வீட்டின் மற்றோர் அறை எனலாம்.

மன்னருக்கோ அது வேறு. 'ஃபொரெஸ்டா' என்னும் இலத்தீன் சொல், 'வெளியே' எனப் பொருள்படும் சொல்லினின்று பிறந்தது என்பர் பலர். அரசக் காடு என்பது மரங்கள் நிறைந்த இடம் மட்டுமன்று. மானைக் காக்கத் தனிச்சட்டம் விதிக்கப்பட்ட நிலப்பரப்பு. வயல்களும் ஊர்களும்கூட அதனுள் அடங்கின. மன்னரின் கருவூலத் தலைவரும் பின்னர் இலண்டன் பேராயருமான ரிச்சர்டு பிட்ஸ்நைஜல், இச்சட்டம் நாட்டின் பொதுச்சட்டத்தைச் சாராமல் மன்னரின் விருப்பத்தையே சார்ந்தது என்றும், இதன்படி நிகழ்வதை நீதி என்று பொதுவாகக் கூறாமல் காட்டுச் சட்டப்படியான நீதி என்றே கூறவேண்டும் என்றும் தயங்காமல் எழுதினார். 1217 நவம்பர் 6 அன்று வெளியான காட்டுச் சாசனமே, மானைக் கொன்றவன் உயிரையோ உறுப்பையோ இழக்கலாகாது என விதித்தது. பன்றி மேய்க்கும் உரிமை முதலியவற்றையும் அது உறுதி செய்தது. ஆனால் பலவற்றைச் சுதந்தரக் குடிகளுக்கு மட்டுமே. அச்சாசனத்தில் பேராயர்களும் மறக்கப்படவில்லை: காட்டினூடே செல்லும் பேராயர் ஓரிரு விலங்குகளை வேட்டையாடலாம். காவலர் அருகில் இல்லையெனில், திருடுவதாகத் தோன்றாதபடி கொம்பு ஊதச் செய்தல் வேண்டும்!

மன்னரின் கடுமையை நாம் எளிதில் கண்டிக்கிறோம். துறவியரின் செயலோ நம்மைச் சற்று வருத்துவது. 1143 இல் லிங்கன்ஷயரில் ரெவ்ஸ்பி மடம் நிறுவப்பட்டபோது அங்கே ஊர்கள் இருந்தன. அவற்றில் வாழ்ந்தோருக்கு மாற்று நிலம், அன்றேல் விருப்பம்போல் வெளியேறும் உரிமை என நிறுவனரின் சாசனம் இரு வழிகளை வைத்தது. சிலர் நிலம் பெற்றனர், பிறர் போயினர். அம்மடத்தின் முதல் தலைவர், ஆன்மீக நட்பைப் பற்றி அழியாப் புகழ்பெற்ற நூலை எழுதிய ஏல்ரெட். அவரது நூலை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அவர் நாடிய தனிமை இயல்பாகவே அங்கிருந்ததன்று, உண்டாக்கப்பட்டது. அதே நூற்றாண்டின் அரசவைக் குருவான வால்டர் மேப், இத்துறவியர் தனித்திருப்பதற்காக ஊர்களைப் பாழாக்கினர் எனச் சாடினார். அவர் அவர்களை வெறுத்தவர், சொல்லில் மிகைப்படுத்துபவர். எனினும் ரெவ்ஸ்பியின் சாசனம் அவர் பக்கமே சாய்கிறது.

காட்டைப் பற்றிக் குடியானவர் தாமே பேசிய ஆவணங்கள் மிகச் சில. அவற்றுள் முதன்மையானது இடைக்காலம் முடியும் தறுவாயில், இங்கிலாந்திலன்றி ஜெர்மனியில் எழுந்தது. 1525 மார்ச்சில் மெம்மிங்கன் நகரில் குடியானவர் வெளியிட்ட பன்னிரண்டு கோரிக்கைகளில் ஐந்தாவது காட்டைப் பற்றியது. குருமாரும் பிரபுக்களும் விலைகொடுத்து வாங்காமல் கைக்கொண்ட காடுகள் ஊருக்கே திரும்பவேண்டும். அவரவர் தேவைக்கு விறகும் கட்டட மரமும் இலவசமாகக் கிடைக்கவேண்டும். காடு அழியாதபடி ஊரார் தெரிந்துகொண்ட கண்காணிப்பாளரின் அறிவோடு வெட்டவேண்டும் என்றனர். கோரிக்கைகளின் ஓரங்களில் திருமறை வசனங்களைக் குறித்து, இவை தவறெனத் திருமறையால் காட்டினால் விட்டுவிடுவோம் எனவும் உறுதி கூறினர்.

அவ்வாண்டே லூத்தர் அவர்களுக்கு மறுமொழி எழுதினார். மான்ஸ்பெல்டில் செம்பு உருக்கும் தொழில் நடத்தியவரின் மகன் அவர். காட்டுக் கரியைத் தின்ற உலைகளின் அருகே வளர்ந்தவர். வேட்டை, மீன், விறகு, காடு ஆகியவற்றைப் பற்றிய கோரிக்கைகளைச் சட்ட அறிஞரிடம் விட்டுவிடுவதாகவும், நற்செய்தியாளராகிய தாம் அவற்றில் தீர்ப்புக் கூறுவது முறையன்று என்றும் அதில் அவர் கூறினார்.